கோல்ஃப் ஆட்டமும் இணைய உலகமும்: பினாங்கிலிருந்து ஒரு விசாரணை

நிலம், கருவி, வித்தை, துணை என்னும் நான்கும் கூடினாலன்றி எந்த விளையாட்டின் இன்பமும் முழுமையாகக் கைகூடுவதில்லை. கோல்ஃப் ஆட்டத்திலோ இந்நான்கும் வெகுகாலம் சங்கங்களின் மதிற்சுவருக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தன. திடல் சங்கத்துக்குச் சொந்தம். மட்டைகள் சங்கத்தின் கடையில். வித்தையைச் சொல்லித் தருபவர் சங்கத்தின் ஆசிரியர். உடன் ஆடுபவர்கள் சங்கத்தின் அங்கத்தினர்கள். சென்ற இருபது ஆண்டுகளில் இவற்றுள் வித்தையும் துணையும் இணையத்தின் வழியாக மதிலைத் தாண்டி வெளியே வந்துவிட்டன. அவ்வாறு வந்தவை எவை, எந்தச் சங்கத்திலும் அங்கம் வகிக்காத ஜார்ஜ் டவுன் தமிழர் ஒருவர் அவற்றால் அடையக்கூடிய இன்பம் எவ்வளவு, அந்த இன்பம் எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உலகுக்குப் பொதுவான அறிவை இணையம் வாரி வழங்கியிருக்கிறது, நம் மண்ணுக்கும் நம் மழைக்கும் உரிய அறிவோ, புல் வெட்டியும் பை சுமந்தும் இத்திடல்களைக் காத்துவந்த நம்மவர்களின் நெஞ்சிலேயே இன்னும் தங்கியிருக்கிறது.

இந்த ஆட்டத்துக்கும் மலாய் நாட்டுக்கும் உள்ள சம்பந்தம் சாதாரணமாக நினைக்கப்படுவதைக் காட்டிலும் ஆழமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பந்து என்பது, தோலால் தைத்த சிறு பைக்குள் வேகவைத்த பறவை இறகுகளைத் திணித்து மூடிய ஒன்றாக இருந்தது. கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் நாள் முழுவதும் முயன்றாலும் சில பந்துகளையே செய்ய முடியும். அவையும் மழையில் நனைந்தால் கெட்டுவிடும். ஆகவே விலை அதிகம், அதை வாங்கி ஆடுவோர் சிலர். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்னும் வைத்தியர், மலாய்க் காடுகளில் தாபான் மரத்திலிருந்து எடுக்கப்படும் கட்டாபெர்ச்சாப் பாலின் மாதிரிகளை 1843-இல் அனுப்பி, அதை மேனாட்டாரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் குணமுடைய அந்தப் பொருளை உருட்டி 1848-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட பந்து, இறகுப் பந்தைவிட மிகவும் மலிவாகவும், மழைக்கு அஞ்சாததாகவும் இருந்தபடியால், சில ஆண்டுகளுக்குள் பழைய பந்தை அறவே ஒழித்துவிட்டது. இந்தியாவிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் நகருக்கு வந்த விஷ்ணு விக்கிரகம் ஒன்று உடையாதிருக்கும்பொருட்டுப் பெட்டிக்குள் இட்டிருந்த கட்டாபெர்ச்சாத் துண்டுகளைக் கொண்டே பாட்டர்ஸன் என்பவர் முதற்பந்தைச் செய்தார் என்று ஒரு கதையும் அங்கே வழங்குகிறது. அதைச் சரித்திரமென்று சாதிக்க வேண்டியதில்லை என்றாலும், கீழ்நாட்டுக் காட்டுப் பொருள் ஒன்று அந்த ஆட்டத்தின் கதவைச் சாமானியருக்குத் திறந்தது என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் கதவு திறந்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்களில்லை. இறகுப் பந்து செய்வதில் கீர்த்தி பெற்றிருந்த ஆலன் ராபர்ட்ஸன், தம்மிடம் தொழில் பயின்ற டாம் மாரிஸ் புதிய பந்தை வைத்து ஆடினார் என்று அறிந்து மனம் வெறுத்தார், இருவரும் பிரிந்தனர், மாரிஸ் 1851-இல் பிரெஸ்ட்விக் திடலுக்குச் சென்று, பிற்காலத்தில் இந்த ஆட்டத்தின் பிதாமகர் என்று போற்றப்படும் நிலையை அடைந்தார். ராபர்ட்ஸனைக் குறை கூறுவது எளிது. ஆனால் தாம் அருமையாகக் கற்ற தொழில் ஒரே நாளில் மலிவானதைக் கண்ட ஒருவரின் வேதனை அது என்பதை உணர்ந்தால், இன்று இணையக் காணொளிகளைக் கண்டு முகம் சுளிக்கும் மூத்த ஆசிரியர்களிடமும் நமக்கு அனுதாபமே பிறக்கும்.

இதே கட்டாபெர்ச்சாதான் கடலடித் தந்திக் கம்பிகளுக்கும் உறையாயிற்று. உப்புநீரில் கெடாமல் மின்சாரத்தைக் காக்கவல்ல வேறு பொருள் அக்காலத்தில் இல்லாமையால், மலாய்த் தீபகற்பத்தின் தாபான் மரங்கள் கணக்கின்றி வெட்டிச் சாய்க்கப்பட்டு, நூற்றாண்டின் இறுதிக்குள் காண்பதற்கு அரிதாயின. 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி போடப்பட்டபோது, தமிழ்நாட்டையும் இத்தீவையும் ஒரே நொடியில் பேச வைத்தது அந்த மரத்தின் பால்தான். பின்னர் 1898-இல் அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கெல் ரப்பர் இழையை இறுகச் சுற்றிப் பந்து செய்யும் முறையைக் கண்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் மலாயாவின் தோட்டங்களில் தமிழர் வைகறையில் எழுந்து வெட்டிய பால்மரங்களின் ரப்பர் உலகச் சந்தையை நிரப்பிற்று. இன்று கண்ணாடி இழைக் கம்பிகள் பினாங்கில் கரையேறுகின்றன. வங்காள விரிகுடா வழியாக வரும் மற்றொரு கம்பி சென்னையையும் இத்தீவையும் மறுபடி இணைக்கிறது. ஆதலால் கோல்ஃபும் தகவல் தொடர்பும் இத்தீவின் தமிழர்க்கு அந்நிய விஷயங்கள் என்று எவரேனும் கூறினால் நான் ஒப்பமாட்டேன். இரண்டுக்கும் வேண்டிய மூலப்பொருளைத் தந்த நாட்டில், அவற்றில் ஒன்றுக்காகவேனும் உழைத்தவர்களின் சந்ததியார் நாம்.

நிலத்தின் நிலைமைக்கு வருவோம். 1864-இல் தோன்றிய பினாங்கு குதிரைப் பந்தயச் சங்கத்தின் பத்து கந்தோங் திடலில், கொடிமலையை அண்ணாந்து பார்த்தபடி, பந்தயப் பாதையை ஒட்டியே கோல்ஃப் ஆடப்பட்டு வந்தது. புக்கிட் ஜம்புல் குன்றுகளில் ராபர்ட் டிரெண்ட் ஜோன்ஸ் ஜூனியர் வகுத்த திடல் இன்று பினாங்கு கோல்ஃப் கிளப் என்னும் பெயர் கொண்டிருக்கிறது. அக்கரையில் பெர்தாமிலும் புக்கிட் ஜாவியிலும் விசாலமான திடல்கள் உண்டு. சென்னையிலும் இதே சம்பிரதாயம்: 1884-இல் தொடங்கிய மதராஸ் ஜிம்கானா சங்கத்தார் கிண்டிப் பந்தயத் திடலுக்குள்தான் கோல்ஃப் ஆடினர். ஆனால் 2024 செப்டம்பரில் கிண்டித் திடலின் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்து நிலத்தை மீட்க முற்பட்டது. 2025-இல் பினாங்கில் குதிரைப் பந்தயமே நின்றுபோயிற்று. நகரங்கள் பெருகப் பெருக, நடுநகரில் விரிந்து கிடக்கும் புல்வெளியின்மேல் எல்லாருடைய கண்ணும் விழுவது இயல்பு. அதில் நியாயமும் உண்டு. வித்தையும் துணையும் விரிந்துகொண்டே போகும் காலத்தில் நிலம் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதே இக்காலத்துக் கோல்ஃப் ரஸிகரின் உண்மையான நிலைமை.

வித்தை எவ்வாறு விரிந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன்பு இந்த ஆட்டத்தைத் தானாகக் கற்க விரும்பியவருக்குப் புத்தகமே கதி. 1957-இல் வெளிவந்த பென் ஹோகனின் 'ஃபைவ் லெஸன்ஸ்' அவ்வாறு பல நாடுகளில் பாடநூலாக விளங்கிற்று. ஆசிரியர்களும் நூல்களும் தலைமுறை தலைமுறையாகப் போதித்த சித்தாந்தங்களில் ஒன்று, பந்து மட்டை வீசப்படும் பாதையில் புறப்பட்டு, மட்டைமுகம் நோக்கும் திசைக்கு வளைந்து செல்லும் என்பது. இதை நம்பி, எதிரே நின்ற மரத்தைச் சுற்றிப் பந்தை வளைக்க எண்ணி, முகத்தை இலக்குக்கு நேராக வைத்து வீச்சை மட்டும் மரத்துக்கு வெளியே செலுத்தியவர்கள், பந்து போய் மரத்திலேயே மோதக் கண்டு தம் கையைக் குறை கூறிக்கொண்டார்கள். டென்மார்க் நாட்டு டிராக்மேன் நிறுவனத்தார் செய்தது போன்ற ராடார் கருவிகள் பரவிய பிறகே உண்மை பிரத்தியட்சமாயிற்று: பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது மட்டைமுகம், வளைவைத் தருவது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு. பழைய முறையில் இந்தத் திருத்தம் ஊர் ஊராகப் பரவ ஒரு தலைமுறை சென்றிருக்கும். இணையத்தினால் சில ஆண்டுகளில் பரவிற்று. ஜலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்கில் கடை வைத்திருப்பவரும் இரவில் கடையடைத்தபின் ராடார் வரைந்த கோடுகளைக் கைபேசியில் கண்டு, தம் பந்து வலப்புறம் ஓடும் காரணத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

மற்றொரு மாற்றம் கணக்கின் வழியாக வந்தது. நீளமாக அடிப்பது பகட்டுக்கு, குழியருகே தட்டிவிடுவதே பணத்துக்கு என்னும் பொருளுடைய வசனம் மேல்நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரரிடையே வேதவாக்காக இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறைப் போட்டிகளில் ஒவ்வோர் அடியும் அளந்து பதியப்பட்ட தகவல்களை ஆராய்ந்து, சிறந்த ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளிலிருந்தே வருகிறதென்று காட்டினார். அவருடைய நூல் 2014-இல் வெளிவந்தது. அதன் சாரம் இன்று இணையத்தில் எங்கும் கிடைக்கிறது. வாரத்தில் ஒருநாள் மாத்திரமே பயிற்சித் திடலுக்குப் போகக்கூடிய உத்தியோகஸ்தர், அந்த ஒரு மணி நேரத்தை எந்த மட்டைக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. இணையத்தின் கொடைகளில் நான் முதலிடம் தருவது இத்தகைய பரிசோதிக்கப்பட்ட அறிவுக்கே. பிரபலங்களின் ஆட்டக் காட்சிகளுக்கு அடுத்த இடந்தான்.

அக்காட்சிகளும் இகழத்தக்கவை அல்ல. ரிக் ஷீல்ஸ் போன்ற இங்கிலாந்து ஆசிரியர்கள் யூடியூபில் நடத்தும் பாடங்களையும், 2020-இலும் 2024-இலும் அமெரிக்க ஓப்பன் பட்டம் வென்ற பிரைசன் டிஷாம்போ ரஸிகர்களோடு கலந்து ஆடும் ஆட்டங்களையும் பார்த்தே இந்த ஆட்டத்தில் அபிமானம் கொண்ட இளைஞர் எண்ணற்றவர். ஆனால் காணொளி பார்ப்பதற்கும் கற்பதற்கும் இடையே, இசைத்தட்டைக் கேட்பதற்கும் குருவின் முன் அமர்ந்து பாடுவதற்கும் உள்ள தூரம் உண்டு. காணொளி நமக்குத் தன்னைக் காட்டுகிறதேயன்றி நம்மை அது பார்ப்பதில்லை. ஒருவர் இடுப்பைத் திருப்பு என்பார், மற்றொருவர் திருப்பாதே என்பார். இரண்டும் வெவ்வேறு மாணாக்கருக்குச் சரியாகவே இருக்கலாம். தான் எவ்வகை மாணாக்கன் என்று அறியாதவன் இரண்டையும் கலந்து அவதிப்படுகிறான். ஹரியானாவின் பானிபட் மாவட்டத்தில் இஸ்ரானா என்னும் கிராமத்தில் பால் வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்த சுபம் ஜக்லானின் வரலாறு இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. ஊரில் தொடங்கிய பயிற்சிக்கூடம் மூடப்பட்ட பிறகு, யூடியூப் காணொளிகளைப் பார்த்து அப்பியாசத்தைத் தொடர்ந்த அச்சிறுவன், 2015-இல் சான் டியேகோ நகரில் தன் வயதினருக்கான உலக ஜூனியர் பட்டத்தை வென்றபோது, காணொளியின் வெற்றி என்று பலரும் எழுதினார்கள். இடையில் தில்லியில் கோல்ஃப் ஃபவுண்டேஷன் அவனை ஏற்றதும், நொனிதா லால் குரேஷி என்னும் ஆசிரியை அவனுக்குப் பயிற்சி அளித்ததும் அந்தக் கதையில் பின்னுக்குத் தள்ளப்பட்டன. காணொளி தீபத்தை அணையாமல் காத்தது உண்மை. ஆனால் திடலும் ஆசிரியரும் கிடைத்த பிறகே அது சுடர்விட்டது.

துணை என்னும் விஷயத்தில் இணையம் செய்திருப்பது இன்னும் பெரிது என்று சொல்லலாம். கோல்ஃபின் தனிச்சிறப்பு, வல்லவரும் வல்லமையற்றவரும் நியாயமாகப் போட்டியிட இடந்தரும் ஹாண்டிகாப் முறை. உலகில் ஆறு விதமாக வழங்கிய இம்முறைகள் 2020 ஜனவரியில் ஒன்றாக இணைக்கப்பட்டன. இதன் கணக்கு எளிது. ஒருவர் 95 அடிகளில் ஆட்டத்தை முடித்தார். அத்திடலின் கோர்ஸ் ரேட்டிங், அதாவது கைதேர்ந்தவருக்கு அங்கே எதிர்பார்க்கப்படும் அடிக்கணக்கு, 71. அதன் கடினத்தைக் குறிக்கும் ஸ்லோப் எண் 125 என்று வைத்துக்கொள்வோம். 95-இல் 71 போக மிச்சம் 24. அதைச் சராசரித் திடலின் ஸ்லோப் எண்ணாகிய 113-ஆல் பெருக்கி 125-ஆல் வகுத்தால் 21.7 வரும். இவ்விதம் கிடைக்கும் கடைசி 20 எண்களில் சிறந்த எட்டின் சராசரியே அவருடைய ஹாண்டிகாப்புக்கு அடிப்படை. மிக உயர்ந்த எல்லை 54 ஆகையால், நேற்றுத் தொடங்கியவருக்கும் இதில் இடமுண்டு. இக்கணக்கைக் கைபேசிச் செயலிகள் தாமே செய்துவிடுகின்றன. பினாங்கில் ஆடும் ஒருவரும் கொடைக்கானலில் ஆடும் அவர் மைத்துனரும் ஒரே அளவுகோலால் தம்மை அளந்துகொள்ளலாம்.

விதிகளும் அவ்வாறே. 1744-இல் எடின்பரோவுக்கு அருகே லீத் என்னும் இடத்தில் எழுதப்பட்ட விதிகள் பதின்மூன்றுதான். பிற்காலத்தில் அவை பெருகி 34 ஆகி, 2019-இல் 24 ஆகக் குறைக்கப்பட்டன. விதிகள் முழுவதும் இன்று இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. காணாமற்போன பந்தைத் தேட மூன்று நிமிஷமே உண்டு, மழையில் நனைந்த திடலில் தான் விழுந்த பள்ளத்திலேயே புதைந்த பந்தை அபராதமின்றி எடுத்து அருகில் விடலாம் என்பன போன்ற விவரங்களை அறிய முன்பு சங்கத்தின் காரியதரிசியிடம் கேட்க வேண்டியிருந்தது. பை சுமக்கும் கேடி, பை உரிமையாளரைவிட விதியை நன்கறிந்தவராக இருப்பதற்கு இன்று எந்தத் தடையுமில்லை.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்சாலைப் பொறியாளர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், சிறு வியாபாரிகளும் அவற்றில் கூடி, நால்வர் கொண்ட ஃப்ளைட்டில் ஓர் இடம் காலி என்று அறிவித்து, முன்பின் அறியாதவரைச் சேர்த்துக்கொண்டு, கிரீன் ஃபீ என்னும் திடற்கட்டணத்தையும் பக்கி என்னும் திடல் வண்டியின் வாடகையையும் பங்கிட்டுக்கொள்வது இப்போது சகஜமாகிவிட்டது. சங்க அங்கத்தினராகும் செலவைத் தாங்காதவருக்கு இது மெய்யான அனுகூலம். பழைய மட்டைகள் கைமாறுவதும் இவ்வழியேதான். ஆயினும் பெயர்பெற்ற நிறுவனங்களின் போலி மட்டைகள் இணையச் சந்தையில் தாராளமாக உலவுகின்றனவாதலால், நேரில் கண்டு கையில் எடுத்துப் பாராமல் வாங்குவது உசிதமன்று.

ஆடாமல் ரசிப்பவருக்கும் இணையம் இடம் தருகிறது. ஏப்ரலில் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாள் நமக்குத் திங்கட்கிழமை விடியலாக அமைகிறது. ஜூலையில் பிரிட்டிஷ் ஓப்பன் நம் பிற்பகலில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். ரியோ, டோக்கியோ, பாரிஸ் ஆகிய மூன்று ஒலிம்பிக்ஸிலும் ஆடிய மலேசியர் கேவின் கிரீனின் ஒவ்வோர் அடியையும் எண்களாகப் பின்தொடர முடிந்தது. சரித்திரப் பிரியருக்கு இன்னொரு பொக்கிஷம் உண்டு: சிங்கப்பூர் தேசிய நூலகம் எண்மப்படுத்தி வைத்துள்ள பழைய பத்திரிகைகள். நீரிணைக் குடியேற்றங்களின் கோல்ஃப் செய்திகளை அவற்றில் தேடிப் படிக்கலாம்; பரிசு பெற்றவர் பெயர்கள் பெரும்பாலும் ஐரோப்பியருடையவை; மட்டைப் பையைச் சுமந்தவரின் பெயரையும் புல்லைச் சமன் செய்தவரின் பெயரையும் காண்பது அரிது. பிற்காலத்தில் எம். ராமையாவும் பி. குணசேகரனும் மலேசியாவின் முன்வரிசைத் தொழில்முறை ஆட்டக்காரர்களாக விளங்கினார்கள் என்பதை அந்த மௌனத்துக்குப் பின் படிக்கும்போது உள்ளம் நிறைகிறது.

நிலம் இல்லாக் குறையை இயந்திரத்தால் ஈடுசெய்யும் முயற்சியும் நடக்கிறது. கொரியாவில் 2000-இல் தோன்றிய கோல்ஃப்ஸோன் நிறுவனம் திரைக் கோல்ஃபைப் பெரிய வழக்கமாக்கிற்று. டைகர் வுட்ஸும் ரோரி மெக்கில்ராயும் சேர்ந்து அமைத்த உள்ளரங்கப் போட்டி 2025 ஜனவரியில் ஃபுளோரிடாவில் தொடங்கிற்று. குளிர்சாதன அறையில் சமதளமான விரிப்பின்மேல் நின்று அடிப்பது நல்ல பயிற்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். சரிவும் ஈரமும் காற்றும் அங்கே இல்லை என்பதையும் மறக்கலாகாது.

அந்தச் சரிவும் ஈரமும்தான் பினாங்கின் கோல்ஃப். இங்கிலாந்து ஆசிரியர் கடற்கரைத் திடலின் குட்டையான உலர்ந்த புல்லில் பந்தை உருட்டிவிடும்படி போதிப்பதைக் கேட்டு, அதை அப்படியே நம் அகல இலைக் கௌ கிராஸில் செய்தால், பந்து நாலடி ஓடி நின்றுவிடும்; மட்டை புல்லில் சிக்கித் திரும்பிவிடும். இங்கே பந்தைத் தூக்கி அடிக்க வேண்டும். குழியைச் சுற்றியுள்ள கிரீனில் பெர்முடா இனப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்வதால், சாய்வோடு தட்டிய பந்து விரைந்து ஓடும், எதிர்த்துத் தட்டியது தயங்கும்; வெயிலில் பளபளக்கும் பக்கம் எது, கறுத்துத் தெரியும் பக்கம் எது என்று பார்த்துத்தான் பலம் கணிக்க வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுந்த மாதங்களில் காலை ஆட்டமே க்ஷேமம். பிற்பகலில் இடி முழங்கிச் சங்கு ஊதினால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குவது உயிரைக் காக்கும் விஷயம். குளிர்நாட்டுத் திடல்களில் எடுக்கப்பட்ட காணொளிகளில் இவற்றுக்கு இடமில்லை.

இவற்றை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆயுள் முழுதும் திடலில் நடந்த கேடிகளுக்கும், விடியுமுன் பனியைத் துடைத்துப் புல் வெட்டியவர்களுக்கும், பத்து கந்தோங்கில் எந்தக் கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த மூலையில் மழைநீர் இரண்டு நாள் தேங்கும், மலையிலிருந்து இறங்கும் காற்று எந்த நேரத்தில் பந்தைத் தள்ளும் என்பதெல்லாம் மனப்பாடம். அவர்கள் பேசும் தமிழில், அவர்கள் வாயாலேயே, கைபேசியில் ஒளிப்பதிவு செய்து இணையத்தில் வைப்பதற்குப் பெரும் பொருட்செலவு ஒன்றும் ஆகாது. பந்தயம் நின்றுபோன திடலின் வருங்காலத்தைப் பற்றிய பேச்சு நடக்கும் இவ்வேளையில், முதலில் பதிவு செய்யப்பட வேண்டியது அந்தத் திடலைப் பற்றிய அறிவு. அடுத்து, புதிதாக வருபவருக்கு மட்டை பிடிப்பது முதல் ஹாண்டிகாப் பதிவது வரை நம் ஊர் உதாரணங்களோடு விளக்கும் சிறு பாடங்கள். அதற்கடுத்து, கிண்டியிலும் உதகையிலும் கொடைக்கானலிலும் ஆடுபவர்கள் தத்தம் திடல்களைப் பற்றிச் செய்யும் அதேவிதமான பதிவுகள்.